விட்ட இடத்தைத் தொட்ட கை

ஒரு கணினியிலுள்ள கோப்புகளைப் பிற கணினிகளும் திறந்து படிக்க உதவும் எஸ்எம்பி என்னும் நெறிமுறையை லினக்ஸ் உலகில் நெடுங்காலமாக நிறைவேற்றி வந்தது, 1992இல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் தொடங்கிய சாம்பா என்ற மென்பொருளே. அது லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்கு வெளியே, ஏனைய நிரல்களோடு தானும் ஒன்றாக இயங்குவது. அதனினும் வேகம் வேண்டுமென்று 2021இல் லினக்ஸின் 5.15ஆம் பதிப்பில் கெர்னலுக்குள்ளேயே இடம்பெற்றது கேஎஸ்எம்பிடி என்னும் சர்வர். வேகம் விரும்பத்தக்கதே, ஆயினும், வெளியாரின் கோரிக்கைகளுக்குச் செவிசாய்க்கும் ஒரு நிரலை, யந்திரத்தின் சர்வ அதிகாரமும் குடிகொண்டிருக்கும் ஸ்தானத்தில் அமர்த்துவது மிகுந்த ஜாக்கிரதையைக் கோரும் காரியம் என்றே கருதுகிறேன்.

2025இல் ஷான் ஹீலன் என்ற பாதுகாப்பு ஆராய்ச்சியாளர், ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ஓ3 என்னும் செயற்கை நுண்ணறிவின் துணைகொண்டு இந்த சர்வரைப் பரிசோதித்தபோது வெளிப்பட்ட குறைக்கு சிவிஇ-2025-37899 என்பது பதிவெண். கெர்னல் எழுதப்பட்ட சி மொழியில் நினைவகத்தைப் பெறுவதும் விடுவிப்பதும் நிரல் எழுதுவோரின் பொறுப்பு. விடுவித்த பின்னரும் அவ்விடத்தை நிரலின் ஒரு பகுதி நாடுமாயின், காலிசெய்துபோனவரின் பழைய விலாசத்துக்கு எழுதிய கடிதத்தைப் புதிதாய்க் குடிவந்தவர் பிரித்துப் படிப்பது போலாகிவிடும். அப்படிக் குடிபுகுவதே தாக்குவோனின் தந்திரம்.

இங்கே நேர்ந்தது யாதெனில், ஒருவர் லாக்ஆஃப் செய்ததும் அவருடைய பயனர் விவரம் தங்கியிருந்த நினைவகத்தை சர்வர் விடுவித்து வந்தது. அதற்கு முன்பு நடப்பிலுள்ள வேலைகள் முடியக் காத்திருக்கவும் அது தவறவில்லை. ஆதலால் எழுதியவர்களை அசிரத்தை உடையவர்கள் என்று பழிப்பது நியாயமன்று. ஆனால் எஸ்எம்பி, ஒரே அமர்வில் இரண்டாவது இணைப்பு ஒன்று வந்து சேர்வதையும் அனுமதிக்கிறது. அவ்விணைப்புக்காக உழைக்கும் இழை, அதாவது சர்வருக்குள் தனித்தோடும் செயலோட்டம், அதே பயனர் விவரத்தைக் கையாண்டுகொண்டிருக்கும் க்ஷணத்தில், முதல் இணைப்பின் இழை அதை விடுவித்துவிட்டால் விபரீதம் விளைகிறது. கெர்னலின் நினைவகம் சீர்குலையலாம், தாக்குவோனின் கட்டளைகளே அங்கு இயங்கவும் கூடும். வரிவரியாகப் படிக்கும் கண்ணுக்கு ஒவ்வொரு வரியும் நிர்தோஷமாகவே தோன்றும். தோஷமோ, எந்த ஒரு வரியிலும் தங்காமல், இரண்டு இழைகள் ஒரே காலத்தில் ஒரே பொருளை நாடும் சந்திப்பில் இருந்தது.

விடுவித்ததும் அந்நினைவகத்தின் முகவரியை வெறுமையாக்குவது இத்தகைய பிழைகளுக்கு வழக்கமான பரிகாரம். ஆனால் முகவரியை ஏற்கெனவே கையில் எடுத்துவிட்ட இழையை அது தடுக்காது. ஆகவே லாக்ஆஃப் பகுதியில் இருந்த, நினைவகத்தை விடுவிக்கும் வரிகளையே நீக்கிவிட்டு, அமர்வு முற்றிலும் கலைக்கப்படும்போது மட்டும் அந்நினைவகம் விடுபடுமாறு செய்தார்கள்.