கடிதத்தின் கடைசி வரி

எங்கள் டி.டி.பி. கடைக்கு வேலை விண்ணப்பத்தோடு வரும் பிள்ளைகள், பெரும்பாலும் எல்லாவற்றையும் செல்போனிலேயே அடித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பிரின்ட் போடுவதற்கு முன்னால் கடைசி வரியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். 'லுக்கிங் ஃபார்வர்டு டு ஹியர் ஃப்ரம் யூ' என்று இருக்கும். 'ஹியரிங்' என்று இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் போடும் சிவப்புக் கோடு எழுத்துப் பிழைக்கு மட்டும்தான். 'ஹியர்' என்பதில் எழுத்துப் பிழை ஏதும் இல்லையே.

கவனக்குறைவால் வருகிற தப்பு இல்லை இது. நர்சிங் முடித்த பெண் ஒருத்தி கேட்டாள்: "'டு' வந்தா அடுத்து வெறும் வெர்ப்தானே போடணும், அக்கா? மிஸ் அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க."

'வான்ட் டு கோ', 'ஹோப் டு மீட்' எல்லாம் அப்படித்தான். ஆனால் 'டு'வுக்கு இன்னொரு வேலையும் உண்டு. 'கோ டு மதுரை' என்னும்போது அது நம் 'மதுரைக்கு' என்பதில் வரும் 'கு' போல, ஒரு வேற்றுமை உருபு. 'லுக் ஃபார்வர்டு டு' இந்த இரண்டாவது வகை. அதோடு சேர ஒரு பெயர்ச்சொல் வேண்டும். வினையைக் கொண்டுவந்தால் 'இங்' சேர்த்துப் பெயராக்கித்தான் வைக்க முடியும். தமிழ் வகுப்பில் தொழிற்பெயர் என்று படித்தோமே, அதுதான். 'சந்திப்பதை எதிர்நோக்குகிறேன்' என்று நாம் சொல்வதிலும் அந்தத் தொழிற்பெயர் இருக்கிறது.

சந்தேகம் வந்தால் 'டு'வுக்கு அடுத்து 'யுவர் ரிப்ளை' என்று போட்டுப் பாருங்கள். 'லுக் ஃபார்வர்டு டு யுவர் ரிப்ளை' சரியாக வருகிறது. எனவே வினைக்கு 'இங்' வேண்டும். 'ஹோப் டு யுவர் ரிப்ளை' வராது.

சிலர் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று 'ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை' என்று முடிக்கிறார்கள். தமிழில் 'பதிலை எதிர்பார்க்கிறேன்' என்பது பணிவான பேச்சு. ஆங்கிலத்தில் அது, பதில் போட்டே ஆக வேண்டும் என்று அதட்டுவதாகக் கேட்கும். வேலை கேட்கிற கடிதத்துக்கு ஆகாது. 'ஐ லுக் ஃபார்வர்டு டு ஹியரிங் ஃப்ரம் யூ' என்று 'ஐ'யோடு முழு வாக்கியமாக எழுதினால் மரியாதையாகவும் இருக்கும்.

அதே பெண்ணின் விண்ணப்பத்தில் இதைவிடப் பெரிய சேதம் நடுவில் இருந்தது. 'ஐ யூஸ்டு டு ஒர்க் நைட் ஷிப்ட்ஸ்.' ராத்திரி டூட்டி எனக்குப் பழக்கம்தான் என்று சொல்ல நினைத்திருக்கிறாள். எழுதியிருப்பதோ, முன்பெல்லாம் ராத்திரி டூட்டி பார்த்தேன், இப்போது இல்லை என்று. 'ஐ ஆம் யூஸ்டு டு ஒர்க்கிங் நைட் ஷிப்ட்ஸ்' என்று வந்தால்தான் அவள் நினைத்த பொருள். ஒரு 'ஆம்', ஒரு 'இங்', இரண்டையும் சேர்த்துப் போடவேண்டும். இலக்கணத்தில் இது ஒன்றைத்தான் நான் பிடிவாதமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். மற்ற பிழைகளைப் படிப்பவர் ஊகித்துக்கொள்வார். இங்கே ஊகிக்க வழியில்லை. வாக்கியம் பிழையே இல்லாமல் வேறொன்றைச் சொல்கிறது.

அந்த வரியைத் திருத்திய கையோடு, எந்த வார்டில், எத்தனை மாதம் நைட் பார்த்தாள் என்பதையும் கீழே சேர்க்கச் சொன்னேன். ஆள் எடுக்கிறவர் கேட்கப்போவது அதைத்தான்.