திங்கட்கிழமை மட்டும் ஏன் நெஞ்சை அடைக்கிறது?

ஞாயிறு ஓய்வு முடிந்து ஷிப்டுக்கு வந்த சில மணி நேரத்தில், பஞ்சு மில் தொழிலாளர் சிலருக்கு நெஞ்சு இறுகும். செவ்வாயன்று தொல்லை குறையும். ஓய்வெடுத்த உடம்புக்கா இந்தக் கதி?

1950களில் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளை ஆராய்ந்த மருத்துவர் ரிச்சர்டு ஷில்லிங், திங்கள் இறுக்கத்தை வைத்தே இந்நோயைப் படிநிலைகளாகப் பிரித்தார். பெயர் பிஸினோசிஸ். திங்களோடு நின்றால் ஆரம்பம். மற்ற நாள்களுக்கும் பரவினால் அடுத்த கட்டம். பிறகு நுரையீரலுக்கு நிரந்தரச் சேதம்.

குற்றவாளி பஞ்சிழை அல்ல. பஞ்சோடு வரும் இலைத்தூளிலும் சருகிலும் பாக்டீரியாக்கள் ஒட்டியிருக்கின்றன. அவற்றின் செல்சுவரில் உள்ள எண்டோடாக்சின் என்ற நச்சு மூச்சுக்குழாயை வீங்கவைத்துச் சுருக்குகிறது. தினமும் சுவாசித்தால் உடல் ஓரளவு பழகிக்கொள்கிறது. விடுமுறையில் அந்தப் பழக்கம் விட்டுப்போகிறது. மில்லில் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூம், அதைச் சீவும் கார்டிங் பகுதிகளில்தான் தூசி அதிகம்.

அமெரிக்க ஆய்வாளர்கள் 1987இல் வெளியிட்ட சோதனை சுவையானது. தன்னார்வலர்களைக் கார்டிங் தூசிக்குள் உட்காரவைத்து, முன்னும் பின்னும் மூச்சை அளக்கும் ஸ்பைரோமீட்டரில் ஊதச் சொன்னார்கள். முதல் ஒரு நொடியில் வெளியேறும் காற்றின் அளவு, தூசியின் எடையைவிட எண்டோடாக்சின் அளவையே ஒட்டிக் குறைந்தது.

சட்டமோ எடையைத்தான் பார்க்கிறது! நூற்புப் பிரிவில் கன மீட்டர் காற்றுக்கு 200 மைக்ரோகிராம் தூசி என்பது 1978இல் அமெரிக்கா விதித்த வரம்பு. இந்தியச் சட்டத்தில் பிஸினோசிஸ், அரசுக்குத் தெரிவித்தே தீர வேண்டிய நோய்களில் ஒன்று. நோயைக் கண்டறிய, வாரத்தின் முதல் ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஊதவைக்க வேண்டும். புதன்கிழமை ஊதவைத்தால் ஆரம்ப நோய் நழுவிவிடும்.