தலையில் உருகும் ஆறு

மே மாதத்தில் கனடாவின் மெக்கென்சி ஆற்றுக்குத் தெற்கிலிருந்து உருகிய வெள்ளம் புரண்டு வரத் தொடங்கும்போது, வட கோடியில் அதே ஆற்றை ஒரு மீட்டருக்கும் மேல் தடித்த பனிப்பாளம் மூடிக் கிடக்கும். வடக்கு நோக்கி ஓடும் ஆற்றுக்கு இது விதி. தலைப்பக்கம் முதலில் உருகும், கடல்பக்கம் கடைசியில்தான் இளகும். நடுவில் மாட்டிய தண்ணீர் போக இடமில்லாமல் கரையேறும்.

கிரேட் ஸ்லேவ் ஏரியில் புறப்பட்டு 1,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, ஆர்க்டிக்கின் பியூஃபோர்ட் கடலில் இது கலக்கிறது. கனடாவின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இதன் வடிநிலம். 1789இல் பசிபிக் கடலுக்கு வழி தேடி இதில் படகு விட்ட அலெக்சாண்டர் மெக்கென்சி, ஆர்க்டிக் கரையில் போய் நின்றார். அவர் தேடிய வழி கிடைக்கவில்லை. ஆற்றுக்கு மட்டும் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. கரையில் வாழும் தெனே மக்கள் இதைத் தெச்சோ என்கிறார்கள்.

பனியை உடைக்கும் வேலையைச் செய்வது மெக்கென்சி அல்ல, மேற்கு மலைகளிலிருந்து வரும் லியார்ட் என்ற துணையாறு. ஏரியில் வண்டலை இறக்கிவிட்டுத் தெளிந்து வருகிறது பெரிய ஆறு. லியார்டோ மலைச்சேறும் உருகிய பனியுமாகச் சீறி வந்து மோதுகிறது. கூடிய பிறகும் கலங்கலும் தெளிவுமாக இரண்டு நீரும் வெகுதூரம் ஒட்டாமல் ஓடும். அந்தக் கூடுதுறையிலேயே, ஆற்றுத் தீவு ஒன்றில், ஃபோர்ட் சிம்ப்சன் ஊர் இருக்கிறது. உரோமத்தோல் வணிகத்துக்கு வாகான இடம், வெள்ளத்துக்கும் அப்படியே. 2021 மே மாதம் பனிப்பாளங்கள் அடைத்துக்கொண்டதில் தண்ணீர் ஊருக்குள் புகுந்தது. தீவிலிருந்து மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

டெல்டாவில் கதை வேறு விதம். சுமார் 13,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் கால்வாய்களும் பல்லாயிரம் ஏரிகளும் பின்னிக் கிடக்கின்றன. அங்குள்ள அக்லாவிக்கில் குவிச்சின் மக்களும் இனுவியாலுயிட் மக்களும் சேர்ந்து வாழ்கிறார்கள். 1912இல் தோல் வாங்கும் கடையாகத் தொடங்கிய ஊர் இது. வெள்ளமும் கரையரிப்பும் கண்டு, இந்த ஊருக்கு எதிர்காலம் இல்லை என்று 1950களில் கனடா அரசு முடிவு செய்தது. டெல்டாவின் கிழக்கு ஓரத்து மேட்டில் இனுவிக் என்ற புது ஊரைக் கட்டியது. மண்ணுக்குள் நிரந்தரமாக உறைந்த பனி உருகி வீடுகள் சாயாதிருக்க, முளைகளின் மேல் வீடுகள் நின்றன. தண்ணீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் காப்புறை போட்ட பெட்டிகளில் தரைக்கு மேலே வீடு வீடாகப் போயின. பொறியாளர்களின் வேலையில் குறை சொல்ல அதிகம் இல்லை.

ஆனால் அக்லாவிக்கில் ஒரு பகுதியினர் நகர மறுத்துவிட்டார்கள். ‘ஒருபோதும் தளர்ந்துவிடாதே’ என்பதே ஊரின் முழக்கமாயிற்று. 2006இல் மறுபடி வெள்ளம் வந்தது. ஊர் இன்னும் அங்கேதான் இருக்கிறது. வீம்பு என்று இதைத் தள்ளிவிட முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. மஸ்க்ராட் என்னும் நீர் எலியைப் பொறி வைத்துப் பிடித்து, தோலை விற்று வாழ்ந்த குடும்பங்கள் அவை. மேட்டில் உள்ள ஏரிகளை ஆறு சாதாரண நாட்களில் எட்டுவதில்லை. பனி அடைத்து எழும் பெருவெள்ளம் ஒன்றுதான் அவற்றை நிரப்பும். அது வராவிட்டால் ஏரி சுருங்கும், எலியும் இருக்காது. ஊரைக் காலி செய்யச் சொன்ன வெள்ளமே அவர்களுக்குச் சோறு போட்டது. இந்த வரவு, வீடு கட்டுகிறவர்களின் கணக்கில் ஏறியிருக்க வாய்ப்பில்லை.

இப்போது கவலை எதிர்ப்பக்கம், தண்ணீர்க் குறைவின் பக்கம், திரும்பியிருக்கிறது. 2017இல் இனுவிக்கிலிருந்து கடற்கரை ஊரான டுக்டோயாக்டுக் வரை எல்லாப் பருவத்துக்குமான சாலை வந்துவிட்டது. ஆனால் ஆற்றின் நடுப்பகுதியில் உள்ள நார்மன் வெல்ஸ் போன்ற ஊர்களுக்கு அப்படியொரு சாலை கிடையாது. பனிக்காலத்தில் உறைந்த தரைமேல் போடும் தற்காலிகச் சாலை, கோடையில் ஹே ரிவர் என்ற ஊரிலிருந்து வரும் சரக்குப் படகு, மற்றபடி விமானம். வடிநிலத்தில் மழை பொய்த்து கிரேட் ஸ்லேவ் ஏரியின் மட்டம் இறங்கியதில், 2024 கோடையில் படகு ஓடும் ஆழம் இல்லாமல் நார்மன் வெல்ஸுக்கான சரக்குப் போக்குவரத்து ரத்தானது. வீடுகளைச் சூடாக்கும் எரிபொருள் விமானத்தில் வந்தது. விலையும் அதற்கேற்ப ஏறியது.