கருக்கு காட்டும் நம்பிக்கை

பனைமட்டையின் இரு ஓரங்களிலும் இரம்பப் பற்கள் போன்றிருக்கும் கூர்விளிம்பே கருக்கு. அப்பெயரில் பாமா எழுதிய தன்வரலாற்றுப் புதினம் 1992ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் வரும் சிறுமி, தென்னையிலிருந்து விழுந்த தேங்காயைத் திருடியதாகப் பழிசுமத்தப்பட்டு, பள்ளியில் சாதியின் பெயரால் இழிவுபடுத்தப்படுகிறாள். படித்தால் இழிவைக் களையலாம் என்ற அண்ணனின் சொல்லைப் பற்றிக்கொண்டு முதல் மாணவியாகிறாள். ஆயினும் கல்வி அனைத்தையும் தீர்த்துவிட்டதாகப் புதினம் கூறவில்லை. பின்னாளில் சேர்ந்த கன்னியர் மடத்திலும் பாகுபாட்டைக் கண்டு வெளியேறுகிறாள்.

இன்பமுடிவு இல்லாத இக்கதை இளையோர்க்கு எங்ஙனம் நம்பிக்கை தரும்? துன்புற்றவளே கதைசொல்லியாக நிற்கிறாள் என்பதே விடை. தன் ஊர்ப் பேச்சுமொழியிலேயே (அதனைக் குறை கூறியோரும் உண்டு) நடந்ததை நடந்தவாறே சொல்கிறாள். தமக்கு நேர்ந்ததைச் சொல்ல அஞ்சியிருக்கும் மாணவர்க்கு, நாணவேண்டியவர் தாம் அல்லர் என்பதை அக்குரல் உணர்த்துகிறது.