பலகையும் பாதுகாப்பும்

நிலக்கோட்டையைப் போன்ற தாலுகாத் தலைநகரங்களில் புதிய மனைப்பிரிவில் வீடு கட்டிக் குடியேறுகிறவர்களுக்கு முதலில் தோன்றும் கவலை திருட்டுப் பயமே. பகலில் ஆடவரும் பெண்டிரும் வேலைக்குச் சென்றுவிட, வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஆகவே, "அந்நியர் பிரவேசிக்கக் கூடாது" என்று தெருமுனையில் பலகை நாட்டிவிடலாம் என்னும் யோசனை எழுகிறது. பயம் நியாயமானது, அதில் நமக்கு ஆக்ஷேபம் இல்லை. ஆனால் பலகை எங்கே நிற்க வேண்டும், எதைச் சாதிக்கும் என்பதைச் சிறிது ஆராய்தல் அவசியம்.

முதலில் சட்டம் கூறுவதைப் பார்ப்போம். 1860-ம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 441-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதையின் 329-வது பிரிவாக அமலில் இருக்கிறது. பிறர் வசமுள்ள இடத்தில் நுழைவது மாத்திரமே குற்றமாகாது. குற்றம் புரியவோ, உரியவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொந்தரவு செய்யவோ கருதி நுழைந்தால்தான் அது அத்துமீறலாகும். அதற்கு மூன்று மாதம் வரை சிறையும் 5,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. குடியிருக்கும் வீட்டில் நுழைந்தால் ஓராண்டு வரை சிறை. பலகையின் பயன் ஒன்றே: "எனக்குத் தெரியாது" என்னும் சாக்கை அது அடைத்துவிடும். கதவுக்கும் பூட்டுக்கும் அது துணையேயன்றிப் பதிலாகாது.

இரண்டாவதாக, இடம் யாருடையது? தன் வாசற்கதவிலும் தன் தோட்டத்து வேலியிலும் பலகை மாட்ட ஒவ்வொருவருக்கும் உரிமையுண்டு. தெருவின் விஷயம் வேறு. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவுகளில் சாலைகள் தானப் பத்திரத்தின் மூலம் உள்ளூர் ஸ்தாபனத்துக்கு ஒப்படைக்கப்படுகின்றன. அன்று முதல் அவை பொதுச் சொத்து. அதன் குறுக்கே தடை எழுதக் குடியிருப்போர் சங்கத்துக்கு அதிகாரம் ஏது?

நிலக்கோட்டை பூவுக்குப் பெயர்போன ஊர். மல்லிகை மொட்டு மலருமுன் பறிக்கப்பட வேண்டும். எனவே பறிப்பவர்கள் பொழுது விடியுமுன்பே கிளம்புகிறார்கள். இருட்டில், கையில் விளக்குடன், கூட்டமாய் நடக்கும் அந்தப் பெண்கள் புதுக் குடியேறியவரின் கண்ணுக்கு அந்நியர். தோட்டத்துக்கோ அவர்களே ஜீவன். தெருமுனைப் பலகை திருடனை நிறுத்துவது சந்தேகம். இவர்களை நிறுத்துவது நிச்சயம்.

இந்தச் சமவெளியின் பழைய சரித்திரம் இதற்குச் சாட்சி. 1896-ல் திண்டுக்கல் தாலுகாவில் மாட்டுக் களவு பொறுக்க முடியாமற் போகவே, கிராமத்தார் பொது நிதி திரட்டி, களவுபோன மாட்டுக்கு ஈடு கொடுத்து, தாமே ரோந்து வந்தனர். பரம்பரையாகக் காவல் பார்த்த கள்ளர்களை வேலையிலிருந்து விலக்கினர். இம்மட்டும் தற்காப்பு. ஆனால் அது வீடுகளுக்குத் தீயிடுவதிலும், குடும்பங்களை ஊரைவிட்டுத் துரத்துவதிலும் போய் முடிந்தது. குற்றவாளியைத் தேடுவதை விட்டு, ஒரு சமூகம் முழுவதையும் சந்தேகிப்பது எளிதாகிவிட்டது. அந்த மனப்பான்மையே குற்றப் பரம்பரைச் சட்டமாகவும் உருக்கொண்டது. கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-ந் தேதி துப்பாக்கி பிரயோகிக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது 1947-ல்தான்.

அச்சட்டத்தை எதிர்த்து வாதாடிய மதுரை பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப், 1924-ல் வைக்கத்திலும் சிறைப்பட்டார். கோயிலைச் சுற்றியுள்ள பொது வீதிகளில் தாழ்த்தப்பட்டோர் நடக்கலாகாதென்று அங்கே பலகைகள் நாட்டப்பட்டிருந்தன. அவற்றை அகற்றத்தான் அத்தனை பேர் சிறை புகுந்தனர். இன்று அரசியல் சட்டத்தின் 15-வது ஷரத்து, பொதுச் சாலைகளில் ஜாதி, மத பேதத்தால் எவரையும் தடுக்கலாகாதென விதிக்கிறது. தடைப் பலகை எழுதுவோர், "அந்நியர்" என்ற சொல் யார்மீது போய் விழுகிறது என்பதை ஒரு கணம் யோசிக்க வேண்டும்.

அப்படியானால் பாதுகாப்புக்கு வழி என்ன? தெருவுக்கு விளக்கு வேண்டும். அதைப் பேரூராட்சியிடம் வற்புறுத்திக் கேட்கலாம். போலீஸாரின் இரவு ரோந்து ஒழுங்காக நடைபெறக் கோரலாம். வெளியூர் செல்கிறவர் அண்டை வீட்டாரிடம் சொல்லிச் செல்லலாம். தெருவழியே தினமும் போகிறவர்களின் பெயரைக் கேட்டறிந்து இரண்டு வார்த்தை பேசலாம். விடியுமுன் நடமாடும் பூப்பறிப்பவரைவிட விழிப்பான காவலர் எந்தத் தெருவுக்கும் கிடைப்பது அரிது.

வாசலில் பலகை இருக்கட்டும், வீதியில் வேண்டாம். வீட்டைப் பூட்டுவது விவேகம். ஊரைப் பூட்ட எவருக்கும் உரிமையில்லை.