வானருளும் வேந்தன் கடனும்

அரசன் தெய்வத்தின் கூறு என்னும் கொள்கை உலகின் பல நாடுகளில் நிலவியதொன்றாகும். மதிலும் மாளிகையும் மல்கிய நாடுகளில் அஃது எழுந்தமை வியப்பன்று. புல்லும் நீரும் நாடி, மந்தைகளோடு இடம் பெயர்ந்து வாழ்ந்த மக்களிடத்தும் அது வேரூன்றி நின்றமையே சிந்தித்தற்குரியது. ஆசியாவின் அகன்ற புல்வெளிகளில் வாழ்ந்த பழந்துருக்கர் அத்தகையோர். அவர்தம் வேந்தனுக்கு வானத்தின் உறவு உரிமையாயிற்றா, சுமையாயிற்றா என்பதனை ஈண்டு நோக்குவாம்.

கி. பி. 552 இல் பூமின் என்பான் துருக்கப் பேரரசை நிறுவினான். ஆளும் உரிமை ஆசினா என்னும் குடிக்கே உரியதாயிருந்தது. ஓநாயின் வழிவந்தது அக்குடி என்னும் பழங்கதையைச் சீன வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பேரரசன் ககான் எனப்பட்டான். வானமாகிய தெங்ரி அவனுக்கு அளிப்பது 'குத்' எனப்பட்டது. நற்பேறு, உயிராற்றல், ஆளுந் தகுதி ஆகிய பொருள்கள் பலவும் அவ்வொரு சொல்லுள் அடங்கும். நம் மொழியில் 'திரு' என்னுஞ் சொல் அதனோடு ஓரளவு ஒக்கும்.

இக்கொள்கையை அத்துருக்கர் வாய்மொழியாகவே அறிதற்குச் சான்றுகள் உள. மொங்கோலியாவின் ஓர்கோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், கூல்தெகின் நினைவாக 732 இலும், அவன் தமையன் பில்கே ககான் நினைவாக 735 இலும் நாட்டப்பெற்ற கல்வெட்டுக்களே அவை. நெடுங்காலம் படிப்பாரற்றுக் கிடந்த அவ்வெழுத்துக்களின் மறைபொருளை டென்மார்க்கு நாட்டறிஞர் வில்கெல்ம் தொம்சன் 1893 இல் வெளிப்படுத்தினார்.

பில்கே ககான் அவற்றுள் தன்னை வானத்தை ஒத்தவன் என்றும், வானருளாலும் குத் உடைமையாலும் அரியணை ஏறினவன் என்றும் கூறிக்கொள்கின்றான். இவ்வளவே கூறியிருப்பின் அது வெறுந் தற்புகழ்ச்சியாய் முடிந்திருக்கும். அவன் அவ்வாறு நின்றானல்லன். முன்னோர் இருவர் சிறப்புற ஆண்டபின், அறிவிலாக் ககான்கள் அரியணை ஏறினர் என்றும், அதனால் நாடு சீனர்க்கு அடிமையாயிற்று என்றும் ஒளியாது உரைக்கின்றான். தம் ககானைக் கைவிட்ட குடிகளையும் இடித்துரைக்கின்றான். தான் இரவில் உறங்காதும் பகலில் ஓயாதும் உழைத்து, ஆடையற்றோரை உடுப்பித்து, வறியோரைச் செல்வராக்கியதாகக் கணக்குக் காட்டுகின்றான். வானம் அளித்த திரு, குடிகள்பால் ஆற்றும் தொண்டினாலேயே மெய்ப்படும் என்பது இதனாற் பெறப்படும்.

மந்தையே செல்வமாகிய வாழ்வில் இது வெறுங் கோட்பாடன்று. 627 இல் பெய்த கடும்பனியால் கீழைத் துருக்கரின் ஆடுகளும் குதிரைகளும் பெருந்தொகையாய் மடிந்தன. பசி வந்தது, கலகம் பின்தொடர்ந்தது. 630 இல் அவர்தம் ககான் தாங் பேரரசின் படையிடம் சிறைப்பட்டான். வானை நம்பி வாழ்வோர்க்கு வானம் முகந்திரும்பியதை அறிவிக்க வேறு தூதன் வேண்டுமோ?

முடிசூட்டு முறையும் இவ்வுண்மையையே உணர்த்துவதாகும். ஏழாம் நூற்றாண்டிற் றொகுக்கப்பெற்ற சீன வரலாற்று நூலொன்று அதனை விரிக்கின்றது. புதிய ககானைக் கம்பளத்தில் ஏந்தி, ஞாயிறு செல்லும் திசையில் ஒன்பது முறை சுற்றுவர்; ஒவ்வொரு சுற்றிலும் யாவரும் வணங்குவர். பின்னர் அவனைக் குதிரைமேல் ஏற்றி இறக்கி, பட்டுத்துணியாற் கழுத்தை உயிர் போகாத அளவிற்கு இறுக்குவர். உடனே தளர்த்தி, எத்தனை ஆண்டுகள் ஆள்வாய் என வினவுவர். மயக்கத்தில் அவன் குழறிய சொல்லே அவன் ஆட்சிக் காலத்திற்கு அளவாகக் கொள்ளப்படும். வணங்கிய கைகளே கழுத்தையும் நெரித்தன!

வொல்கா ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஆண்ட கசார் மக்களிடத்தே இக்கொள்கை வேறொரு வடிவு கொண்டது. 921 இல் பக்தாதிலிருந்து வடக்கே புறப்பட்ட இப்னு பத்லான் அவர்களைப்பற்றிய செய்திகளையும் எழுதிவைத்தார். ககான் மக்கள் கண்ணிற் படுவது அரிது. படை நடத்தலும் நாடு காத்தலும் வேறொருவன் தொழில். நாற்பது ஆண்டுகளுக்குமேல் ஒரு நாள் கடப்பினும், அறிவு தளர்ந்தான் எனக் கூறிக் ககானைக் கொல்வர் என்பது அவர் தரும் செய்தி. ஆட்சி கைநழுவியது, உயிர்ப்பிணை மட்டும் எஞ்சியது.

துருக்கர் இசுலாத்தைத் தழுவிய பின்னரும் குத் என்னுஞ் சொல் மறையவில்லை. பதினோராம் நூற்றாண்டில் யூசுப் என்னும் புலவர் காசுகர் அரசனுக்கு அளித்த அறநூலின் பெயர் 'குத்தத்கு பிலிக்'. திருவைத் தரும் அறிவு என்பது அதன் பொருள். அந்நூலில் வேந்தன் நீதியின் வடிவம். அமைச்சன் திருவின் வடிவம். அமைச்சன் நூலிடையே மாண்டுபோகின்றான், நீதி நிலைத்திருக்கின்றது.

வானத்தினின்று இறங்கிய திருவுக்குப் பட்டுக்கயிறு எல்லை வகுத்த காலம் ஒன்று. அறநூல் எல்லை வகுத்த காலம் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையே ஒரு மக்கட்குழு நடந்து கடந்த தொலைவு, புல்வெளியின் தொலைவினும் பெரிதென்க.