பழைய டேப்பிலிருந்து கோப்பை மீட்பது: ஒரு சம்பளப் பட்டியலும் சில கட்டளைகளும்

"டேப்பா? அதெல்லாம் இன்னும் இருக்கா?" பேக்கப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி இதுதான். இருக்குங்க. நன்றாகவே இருக்கு. 2000இல் ஹெச்பி, ஐபிஎம், சீகேட் மூன்றும் சேர்ந்து கொண்டுவந்த எல்டிஓ வகையில் முதல் தலைமுறை டேப் 100 ஜிபி கொள்ளும். 2021இல் வந்த ஒன்பதாம் தலைமுறை 18 டிபி கொள்ளும். விலை குறைவு. அலமாரியில் சும்மா கிடக்கும்போது மின்சாரம் தின்னாது. எல்லாவற்றையும்விட, கம்ப்யூட்டரோடு இணைப்பில் இல்லாததால் கம்ப்யூட்டருக்கு வரும் நோய் அதற்கு வராது.

2011 பிப்ரவரி 27 அன்று ஜிமெயில் பயனர்களில் சிலர் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒன்றுமே இல்லை. 0.02 சதவீதம் பேர் என்று கூகுள் சொன்னது. சேமிப்பு மென்பொருளின் புதிய பதிப்பில் ஒரு பிழை. ஒரே அஞ்சலுக்குப் பல டேட்டா சென்டர்களில் நகல் வைத்திருந்தும் அந்தப் பிழை அவற்றையும் தொட்டுவிட்டது. டேப்பில் இருந்தது மட்டும் தப்பியது. அதிலிருந்துதான் அஞ்சல்களைத் திரும்ப எடுத்தார்கள். டிஸ்க்கில் கண்ணிமைக்கும் நேரத்தில் நடப்பது டேப்பில் மணிக்கணக்கில் நடக்கும். ஆனா நடந்தது.

இந்தக் குறிப்பு அந்த "திரும்ப எடுப்பது" பற்றியது. கூகுள் அளவில் இல்லை, ஓசூர் அளவில்.

எதற்காக எடுத்தோம்

கல்லாவியில் எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார். 1996இல் ஓசூரில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்து 2007 வரை வேலை பார்த்தவர். இப்போது 58 வயது நெருங்குகிறது. 1995 நவம்பர் 16 முதல் நடப்பில் இருக்கும் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில், 10 வருட சேவை இருந்தால்தான் 58 வயதில் மாதாமாதம் பென்ஷன். அதற்குக் குறைந்தால் ஒரு தொகையைக் கையில் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள்.

அவர் பார்த்தது 11 வருடம். அவர் கையிலிருந்த பிஎஃப் எண்ணில் காட்டுவது 8 வருடம். காரணம், 1999இல் நிர்வாகம் கைமாறியபோது பிஎஃப் எண்ணும் மாறியிருக்கிறது. 2014இல் யுஏஎன் வருவதற்கு முன்னால், ஆளுக்கு ஒரே எண் என்ற ஏற்பாடு கிடையாது. பழைய எண் அவருக்கு நினைவில்லை. சீட்டும் இல்லை.

அந்தக் காலத்துச் சம்பளப் பட்டியல் காகிதத்திலும் மிஞ்சவில்லை. கம்பெனியில் ஒரு ஷூ பெட்டிக்குள் மூன்று சின்ன டேப் மட்டும் இருந்தன. ஒன்றின் மேல் பேனாவால் "பே, மார்ச் 99" என்று எழுதியிருந்தது. படிக்க அவர்களிடம் ட்ரைவ் இல்லை. "படிக்க முடிஞ்சா படிச்சுக் கொடுங்க"ன்னு சொல்லி என்னிடம் கொடுத்தார்கள்.

முதலில் ட்ரைவ்

அவை டிடிஎஸ்-3 வகை டேப்கள். 4 மில்லிமீட்டர் அகலம். பாட்டு கேசட்டைவிடச் சின்னது. 12 ஜிபி கொள்ளும். 1996இல் வந்த வகை. இதைப் படிக்க டிடிஎஸ்-4 ட்ரைவோ அதற்கடுத்த டாட்-72 ட்ரைவோ போதும், இரண்டும் டிடிஎஸ்-3ஐப் படிக்கும். அதற்கும் அடுத்த டாட்-160 வாங்கினால் படிக்காது. "புதுசு வாங்கினா பழசையும் படிக்கும்" என்ற நம்பிக்கை டேப் உலகத்தில் இரண்டு தலைமுறைக்கு மேல் செல்லாது. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு பழைய டிடிஎஸ்-4 ட்ரைவும், அதற்கான ஸ்கஸி கார்டும் கேபிளும் கிடைத்தன. லினக்ஸ் இன்னும் இவற்றை அடையாளம் கண்டுகொள்கிறது.

டேப்பை உள்ளே தள்ளும் முன் செய்யவேண்டிய ஒரு காரியம்: கேசட்டின் ஓரத்தில் இருக்கும் சின்னத் தாழ்ப்பாளை நகர்த்தி எழுத முடியாதபடி பூட்டுவது. டிடிஎஸ்ஸில் ஓட்டை திறந்திருந்தால் பூட்டு என்று அர்த்தம். இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு, டேப்புக்குள் எழுத்து எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிய வேண்டும்.

டேப்புக்குள் என்ன இருக்கிறது

டிஸ்க் என்பது பீரோ மாதிரி. எந்தத் தட்டை வேண்டுமானாலும் நேராகத் திறக்கலாம். டேப் ஒரு நீண்ட துணிச்சுருள். நடுவில் இருப்பது வேண்டுமென்றால் அதுவரை சுற்றியே ஆகணும். டேப்புக்குக் கோப்பின் பெயர் தெரியாது, ஃபோல்டர் தெரியாது. ஒரு தொகுப்பு எழுதி முடித்ததும் ஒரு "கோப்புக் குறி" விழும். பிறகு அடுத்த தொகுப்பு. மறுபடி ஒரு குறி. எல்லாம் முடிந்த இடத்தில் "தரவு இத்தோடு முடிந்தது" என்ற குறி.

இந்தக் கடைசிக் குறியில்தான் ஆபத்து. முழுசாக நிரம்பிய டேப்பின் தொடக்கத்தில் யாராவது தவறிப்போய் ஒரு சின்னக் கோப்பை எழுதினால், அந்தச் சின்னக் கோப்பு முடியும் இடத்தில் "தரவு முடிந்தது" என்று குறி விழுந்துவிடும். அதற்கப்பால் பழைய தரவு காந்தத்தில் அப்படியே இருந்தாலும் சாதாரண ட்ரைவ் அங்கே போக மறுக்கும். இரண்டே வினாடி எழுத்து 12 ஜிபியை மறைத்துவிடும். அதனால்தான் தாழ்ப்பாள்.

கட்டளைகள்

கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

லினக்ஸில் ஒரே ட்ரைவுக்கு இரண்டு பெயர். "எஸ்டி0" என்று அழைத்தால் ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் டேப் தானாகத் தொடக்கத்துக்குச் சுற்றிவிடும். "என்எஸ்டி0" என்று அழைத்தால் நின்ற இடத்திலேயே நிற்கும். முன்னால் உள்ள "என்", சுற்றாதே என்பதன் சுருக்கம். இரண்டாவது தொகுப்புக்கு டேப்பை நகர்த்திவிட்டு, மறுபடி மறுபடி முதல் தொகுப்பே வருகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் எஸ்டி0வைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். மீட்பு வேலைக்கு எப்போதும் என்எஸ்டி0.

டேப்பை நகர்த்தவும் நிலை கேட்கவும் "எம்டி" என்ற கருவி. "எம்டி ஸ்டேட்டஸ்" கேட்டால் எந்த வகை டேப், எத்தனையாவது தொகுப்பில் நிற்கிறது என்று சொல்லும். வகை எண் 25 என்று வந்தால் டிடிஎஸ்-3. "எஃப்எஸ்எஃப் 1" ஒரு குறி முன்னே தள்ளும். "ரீவைண்ட்" தொடக்கத்துக்குக் கொண்டுபோகும்.

அடுத்தது டேப்பிலேயே கோப்பைத் தேடாமல், டேப்பை அப்படியே டிஸ்க்குக்கு நகல் எடுப்பது. பழைய டேப் ஒவ்வொரு ஓட்டத்திலும் தேயும், அதனால் அதை ஒரே ஒரு தடவை ஓடவிடணும். நகலில் ஆயிரம் தடவை தேடலாம். இதற்கு "டிடி". முதலில் "எம்டி செட்பிளாக் 0" கொடுத்து, எந்த அளவில் எழுதியிருந்தாலும் அந்த அளவிலேயே படி என்று ட்ரைவுக்குச் சொல்கிறோம். பிறகு, உள்ளே வருவது என்எஸ்டி0, வெளியே போவது ஒரு கோப்பு, ஒரு தடவைக்கு 256 கேபி என்று டிடிக்குச் சொல்கிறோம். ஒரு குறி வந்ததும் டிடி நிற்கும். வேறு பெயரில் மறுபடி ஓட்டினால் அடுத்த தொகுப்பு.

256 கேபி எதற்கு? டேப்பில் எழுதிய துண்டின் அளவைவிடக் குறைவாகக் கேட்டால் "நினைவகம் ஒதுக்க முடியவில்லை" என்று ஒரு பிழைச் செய்தி வரும். படித்தால் ரேம் பற்றாக்குறை மாதிரி தெரியும். ரேமுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. துண்டு பெரிது, நீ நீட்டிய பாத்திரம் சிறிது என்பதுதான் அர்த்தம். பெரிய பாத்திரம் நீட்டினால் போதும். டிடி முடியும்போது எத்தனை துண்டு, மொத்தம் எத்தனை பைட் என்று சொல்லும். எங்கள் டேப்பில் இரண்டாவது தொகுப்பு 4,210 துண்டு, 4,31,10,400 பைட். வகுத்துப் பாருங்கள், துண்டுக்கு 10,240. இந்த எண் பழகியவர்களுக்குப் பார்த்ததுமே தெரியும், அது "டார்" கருவியின் வழக்கமான அளவு: 512 பைட் கொண்ட துண்டு இருபது.

டாரும் சிபிஐஓவும்

டார் என்பதே "டேப் ஆர்க்கைவ்" என்பதன் சுருக்கம். 1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்தது. இன்றைக்கு டேப்பைக் கண்ணால் பார்க்காதவர்களும் இணையத்தில் மென்பொருள் இறக்கும்போது டார் கோப்பைத்தான் பிரிக்கிறார்கள். 1999இல் எழுதியதை இன்றைய டார் முணுமுணுப்பில்லாமல் படித்தது.

நகலெடுத்த தொகுப்பு எந்த வகை என்று "ஃபைல்" கட்டளை சொல்லும். எங்கள் முதல் தொகுப்பு சிபிஐஓ, இரண்டாவது டார். டாரில் "டி" என்ற எழுத்து பட்டியல் போடும், "எக்ஸ்" பிரிக்கும். முதலில் டி, பட்டியலைப் படித்த பிறகே எக்ஸ். பிரிப்பதை எப்போதும் ஒரு காலி ஃபோல்டருக்குள் செய்யணும். சிபிஐஓ, தன் தொகுப்பில் உள்ள முழுப் பாதையை அப்படியே மதிக்கும். தடுக்காவிட்டால், 1999இன் சிஸ்டம் கோப்புகளை இன்றைய சிஸ்டத்தின் மேலேயே எழுதிவிடும். "நோ அப்சல்யூட் ஃபைல்நேம்ஸ்" என்று சேர்த்துச் சொன்னால் இருந்த ஃபோல்டருக்குள்ளேயே பிரிக்கும்.

நடுவில் டேப் கெட்டிருந்தால்? டாரில் ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் 512 பைட்டில் பெயர், அளவு, தேதி எழுதியிருக்கும். ஓரிடம் கெட்டால் அடுத்த பெயர்ப்பலகை வரைக்கும் தாவி, அங்கிருந்து தொடரும். ஒரு கோப்பு போனாலும் மற்றவை வரும். ஆனால் மொத்தத்தையும் ஒன்றாக ஜிஜிப்பில் சுருக்கி எழுதியிருந்தால், கெட்ட இடத்துக்குப் பிறகு உள்ளதைச் சாதாரணமாகப் பிரிக்க முடியாது. இடம் மிச்சம் பிடிப்பதற்குக் கொடுக்கும் விலை அது. 1999இல் அந்த டேப்பை எழுதியவர் சுருக்காமல் எழுதியிருந்தார். இரண்டு இடத்தில் படிக்க மறுத்தும், சம்பளக் கோப்பு முழுசாக வந்தது அதனால்தான்.

அது ஃபாக்ஸ்ப்ரோவில் செய்த டிபிஎஃப் கோப்பு. அதன் தலையிலேயே எத்தனை வரி, எந்தெந்தக் கட்டம், ஒவ்வொன்றும் எத்தனை எழுத்து என்று எழுதியிருக்கும். மென்பொருளே இல்லாமல் போனாலும் உள்ளே இருப்பதைப் படித்துவிடலாம். அண்ணனுக்குப் பிஎஃப் எண் மறந்திருந்தது, ஆனால் டோக்கன் எண் மனப்பாடம். டோக்கன் எண்ணைத் தேடினோம். பெயர், சேர்ந்த தேதி, பழைய பிஎஃப் எண், மாதாமாதம் பிடித்த தொகை எல்லாம் ஒரே வரியில் இருந்தது.

டேப் பென்ஷன் வாங்கிக் கொடுத்துவிடாது. எந்தக் கணக்கில் தேடணும் என்று மட்டும் சொல்லும். அந்த எண்ணோடும் கம்பெனியின் கடிதத்தோடும் இரண்டு கணக்கையும் சேர்க்க அவர் விண்ணப்பித்திருக்கிறார். நகலையும் டேப்பையும் கம்பெனியிடமே திருப்பிக் கொடுத்தாச்சு. மற்றவர்களின் சம்பளம் நம் வீட்டில் இருக்க வேண்டியதில்லை. அதே பட்டியலில் இதே சிக்கல் உள்ள வேறு ஆட்களும் இருப்பார்கள், அவர்களுக்கும் அது உதவும்.

தன்னைத்தானே விளக்கும் டேப்

இந்த வேலையில் எனக்குப் பட்டது ஒன்றுதான். மீட்டுக் கொடுத்தது கருவி இல்லை. எழுதியவர்கள் விட்டுவைத்த குறிப்புகள். கேசட் மேல் இருந்த பேனா எழுத்து, டாரின் பெயர்ப்பலகை, டிபிஎஃப்பின் தலைப்பு. ஓலைச்சுவடியில் நூல் அறுந்து ஏடுகள் சிதறினாலும், ஏட்டில் எண் போட்டிருந்தால் அடுக்கிவிடலாம். எண் இல்லாவிட்டால் தமிழ் தெரிந்தும் பயனில்லை. டேப்பும் அப்படியே.

இதை நன்றாகப் புரிந்து செய்த கருவி "அமாண்டா". 1990களின் தொடக்கத்தில் மேரிலேண்ட் பல்கலைக்கழகத்தில் உருவானது. அது எழுதும் ஒவ்வொரு தொகுப்புக்கும் முன்னால் 32 கேபி இடத்தில் சாதாரண எழுத்தில், எந்த மெஷின், எந்த ஃபோல்டர், என்ன தேதி, இதை மீட்க எந்தக் கட்டளையைத் தட்ட வேண்டும் என்பது வரை எழுதி வைக்கும். அமாண்டாவே இல்லாத இடத்திலும் டிடியும் டாரும் இருந்தால் மீட்கலாம். "பாக்குலா" என்ற இன்னொரு கருவி, எந்தக் கோப்பு எந்த டேப்பில் என்பதைத் தனி டேட்டாபேஸில் வைத்துக்கொள்ளும். தேட வேகம் அதிகம். ஆனால் அந்த டேட்டாபேஸ் போய்விட்டால்? அதற்காகவே "பிஎல்எஸ்" பட்டியல் போடவும், "பிஎக்ஸ்ட்ராக்ட்" நேரடியாகப் பிரிக்கவும், "பிஸ்கேன்" டேப்பைப் படித்து டேட்டாபேஸை மறுபடி கட்டவும் கூடவே கொடுத்திருக்கிறார்கள்.

குறிப்பு இருந்தும் ட்ரைவ் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாசாவே சாட்சி. 1966, 67இல் லூனார் ஆர்பிட்டர் விண்கலங்கள் நிலவைப் பிடித்த படங்கள் ஏறத்தாழ 1,500 டேப்களில் இருந்தன. அவற்றைப் படிக்கும் ஆம்பெக்ஸ் மெஷின்களை நான்சி எவன்ஸ் என்ற ஆவணக் காப்பாளர் தன் வீட்டுக் கராஜில் வருடக்கணக்கில் பத்திரப்படுத்தினார். கலிபோர்னியாவில் நாசா ஏம்ஸ் வளாகத்தில் மூடிக்கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் கடைக்குள் அவற்றை வைத்துச் சரிசெய்து, 2008இல் முதல் படத்தை மீட்டார்கள். ஒருவர் மெஷினைத் தூக்கிப் போடாமல் இருந்ததால் வந்த படங்கள் அவை.

உங்கள் பட்டறையிலோ அலுவலகத்திலோ டேப் இருந்தால், டேப் இல்லாமல் ஹார்ட் டிஸ்க்காக இருந்தாலும், இந்த வாரம் ஒரு கோப்பை மட்டும் வேறொரு மெஷினில் மீட்டுப் பாருங்கள். வந்தால், எப்படி வந்தது என்பதை ஒரு தாளில் எழுதி அந்தப் பெட்டிக்குள்ளேயே போடுங்கள்: எந்த ட்ரைவ், எந்தக் கருவி, எந்த வரிசை, என்ன தேதி. கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தால் அது யாரிடம் இருக்கிறது என்பதும். இருபத்தைந்து வருடம் கழித்து அந்தப் பெட்டியைத் திறக்கிறவருக்கு உங்களைத் தெரிந்திருக்காது. அந்தத் தாள்தான் அவருக்கு வழி சொல்லும்.